சீல் வைத்த வீடு

குழாயைத் திருகியதும் தண்ணீர் கொட்டியது.

அக்கா வாயில் பிரஷ்ஷோடு அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நேற்றுப் படுக்கப் போகும்வரை இந்தக் குழாய் காற்றைத்தான் துப்பிக்கொண்டிருந்தது. மொட்டைமாடித் தொட்டி காலி. நிரப்ப மோட்டார் போட வேண்டும். மோட்டார் ஸ்விட்ச் கீழ்த்தள அறைக்குள் இருக்கிறது. அந்த அறைக்கு அரசாங்கம் சீல் வைத்திருக்கிறது.

தண்ணீர் வருகிறதென்றால் யாரோ உள்ளே போயிருக்கிறார்கள்.

வாய் கொப்பளிக்க வேறு தண்ணீர் இல்லை. அதிலேயே கொப்பளித்தாள்.

அந்த அறைக்குள் இருப்பது தம்பியின் சரக்கு. குழந்தைகளுக்கான பால்பவுடர் டின்கள், பெட்டி பெட்டியாக, கப்பலில் வந்தவை. ஊர்க் கடைகளில் அந்தத் தட்டுகள் காலியாகிப் பல வாரம் ஆகிவிட்டது. வெளிநாட்டிலிருந்து வரும் உணவு எதுவானாலும் லேப் ரிப்போர்ட் வரும்வரை துறைமுகக் கிடங்கிலேயே கிடக்க வேண்டும் என்பது பழைய விதி. கிடங்குகள் நிரம்பி வழிந்ததால் விதியைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். இறக்குமதி செய்தவர் தன் சொந்த இடத்திலேயே சரக்கை வைத்துக்கொள்ளலாம். அதிகாரி வந்து கதவில் கம்பி கோத்து ஈயக்கட்டியால் சீல் வைப்பார். ரிப்போர்ட் நல்லபடியாக வந்தால் அவரே வந்து கம்பியை வெட்டுவார். அதுவரை ஒரு டின்கூட வெளியே போகக் கூடாது.

தம்பி இத்தனை வருஷமாக மற்றவர்களின் சரக்குக்காகத் துறைமுகத்தில் அலைந்தவன். அவன் பெயரிலேயே வந்த முதல் சரக்கு இது. கிடங்கு என்று அவனுக்குத் தனியாக ஒன்றும் இல்லை. வீட்டின் கீழ்த்தள அறையையே பதிவு செய்தான்.

சீல் வைக்கும் அந்த அலுவலகத்தில்தான் அக்காவும் ஆய்வாளர். கூடப்பிறந்தவனின் சரக்கு என்பதால் அந்தக் கோப்பைத் தொடமாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். போன வாரம் சீல்காரர் வந்தபோது மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ரேடியோ கேட்டாள். நாளைக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது பாருங்கள்.

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மூன்று பேருள்ள வீட்டில் முப்பது பேர் சாப்பிட்ட மாதிரி ஒரு குவியல்.

"தண்ணி எப்படிம்மா வந்தது?"

"குழாயில வந்தது."

"மோட்டார் யாரு போட்டது?"

"காலங்காத்தால விசாரணைக் கமிஷனா? முதல்ல காபியைக் குடி."

அம்மா பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். டிக்கெட் எடுக்காமல் தூங்குவது போல நடிக்கிறவனின் கண்ணிமையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். பொய்யைப் பிடிக்கத் தெரிந்த அளவுக்கு அவளுக்குச் சொல்லத் தெரியாது. இப்போதும் தேய்த்த தட்டையே மறுபடி தேய்த்தாள்.

அக்கா காபியைத் தொடவில்லை. மாடிப்படிக்கு அடியில் போய்ப் பார்த்தாள்.

அப்பாவின் இரும்பு பீரோ இடம் மாறியிருந்தது. ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையும் அளவுக்கு மட்டும். தரையில் புதிதாக இரண்டு கீறல். பீரோவின் கால்களுக்குக் கீழே மடித்து வைத்த பழைய துண்டுகள். பின்னால் பச்சைப் பெயிண்ட் உரிந்த கதவு, பாதி திறந்தபடி.

அந்தக் கதவை அவள் பார்த்துப் பல வருஷம் ஆகிறது. அதன் வழியே பூனை வந்து பால் குடிக்கிறது என்று அப்பா பீரோவைத் தள்ளி மறைத்தார். அப்போது அக்கா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். தம்பி தொட்டிலில் இருந்தான்.

"தம்பி! எழுந்து கீழ வா!"

கூப்பிட்ட குரலில் என்ன இருந்ததோ, அவன் சட்டைகூடப் போடாமல் இறங்கி வந்தான். பீரோவைப் பார்த்தான். கதவைப் பார்த்தான்.

"இங்க ஏதுக்கா கதவு?"

"நடிக்காத."

"சத்தியமா தெரியாதுக்கா. சீல் சார் கேட்டாரு, இந்த ரூமுக்கு வேற வழி இருக்கான்னு. உள்ள நின்னு பார்த்தா அது ஏதோ பழைய பலகை அடிச்ச மாதிரி இருந்தது. அந்தப் பக்கம் பீரோ. எனக்குப் பொறந்ததுலேர்ந்து அது சுவருதான். இல்ல சார்னு சொன்னேன். பெட்டியை அதுமேலயே சாத்தி அடுக்கிட்டோம்."

அவன் பொய் சொல்லவில்லை. அது இன்னும் மோசம். அக்காவுக்கு அந்தக் கணம் தன் மேலேயே எரிச்சல் வந்தது. அந்தக் கேள்விக்குச் சரியான பதில் இந்த வீட்டில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி அன்றைக்கு ஆஸ்பத்திரியில் கண் காட்டப் போயிருந்தாள். இன்னொருத்தி மாடியில், கை சுத்தமாக இருக்க வேண்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அம்மா ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"நான்தான் போட்டேன். போதுமா? ரெண்டு நாளா குடத்தைத் தூக்கிட்டு வீடு வீடா அலையறேன். என் இடுப்புக்கும் சேர்த்து சீல் வெச்சுட்டுப் போயிருக்கலாம் உங்க ஆளு."

"சொல்லியிருந்தா சீல் சாரைக் கூப்பிட்டிருப்பேனேம்மா," என்றான் தம்பி. "அவர் வந்து திறந்து மோட்டாரைப் போட்டுட்டு மறுபடி வெச்சிருப்பாரு."

"ஒரு ஸ்விட்ச் போட ஒரு ஆபீசரா? ஊர் சிரிக்கும்டா."

அக்கா பீரோவைக் கையால் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை.

"இதைத் தனியா நகர்த்தினியா?"

அம்மா ஈரக் கையை உதறினாள்.

"அம்மா, கேக்கறேன்."

"தையல்காரி வந்து ஒரு கை பிடிச்சா. கதவுகிட்ட இருந்த பெட்டியையும் ஒதுக்கித் தள்ளினோம். நேத்து சாயந்திரம், நீங்க ரெண்டு பேரும் வர்றதுக்கு முன்னாடி. நேத்து ஸ்விட்சைப் போட்டா கரண்ட் இல்ல. விடியக்காலையில வந்ததும் நானே போட்டுட்டேன்."

தையல்காரி பக்கத்து வீட்டில் முன்னறையை வாடகைக்கு எடுத்து மெஷின் போட்டிருப்பவள். கைக்குழந்தைக்காரி. பிரசவத்தில் உடம்பு கெட்டுப் பால் வற்றிப் போனவள். தெருவில் எந்தக் கடைக்குப் பால்பவுடர் வந்திருக்கிறது என்று யாராவது சொன்னால், கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு ஓடுகிறவள்.

அக்கா தம்பியைப் பார்த்தாள். தம்பியும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தான். சட்டென்று பீரோவுக்குப் பின்னால் நுழைந்து உள்ளே போனான். அம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

வெளியே வந்தபோது அவன் முகம் வெளுத்திருந்தது.

"சாம்பிள் எடுத்த பெட்டில ரெண்டு டின் குறையுதுக்கா."

"அது ஏற்கெனவே பிரிச்ச பெட்டிதானே," என்றாள் அம்மா. "அவங்களே வெட்டி டின்னை எடுத்துட்டுப் போனாங்க இல்ல? மேல ஒரு டேப் ஒட்டிட்டுப் போயிட்டாங்க. புதுப் பெட்டியையா தொட்டேன்? உன் சரக்கு பாழாகக் கூடாதுன்னுதான் அதுலேர்ந்து எடுத்தேன்."

அம்மாவின் கணக்கில் அது கறாரான நியாயம். முழுப் பெட்டியைத் தொட்டால் திருட்டு. பிரித்த பெட்டியில் கை வைத்தால் மிச்சம் எடுத்தது.

"அவ கேட்டாளா?" என்றாள் அக்கா.

"கேக்கல. உள்ள பெட்டியைப் பார்த்தா. பெட்டி மேல போட்டிருந்த குழந்தைப் படத்தைப் பார்த்தா. அப்புறம் தரையைப் பார்த்தா. அவ்வளவுதான்." அம்மா கையை முந்தானையில் துடைத்தாள். "சில்லறை இல்லேன்னா இறங்குன்னு எத்தனையோ பேரை நடுரோட்டுல இறக்கி விட்டிருக்கேன். நேத்து என்னால முடியல. இப்ப என்ன, ஜெயில்ல போடுவீங்களா?"

தம்பியின் போன் அடித்தது. திரையில் 'சீல் சார்' என்று இருந்தது. அவன் அக்காவைப் பார்த்தான். அவள் தலையசைத்ததும் ஸ்பீக்கரில் போட்டான்.

"தம்பி, நல்ல செய்தி," என்றார் சீல்காரர். அவருக்கு எல்லாரும் தம்பிதான். "கொழுப்பு, ஈரப்பதம், உலோகம் எல்லாம் சரியா இருக்கு. கிருமிச் சோதனை மட்டும் பாக்கி. அது தட்டுல வெச்சு வளர்த்துப் பார்க்கற விஷயம், அவசரப்படுத்த முடியாது. சாயந்திரம் சொல்லிடுவாங்க. சரியா இருந்தா நானே இடுக்கியோட வர்றேன். நாளைக்குக் கடைக்குப் போயிடலாம். என்ன, சத்தத்தையே காணோம்?"

"சந்தோஷம் சார்."

"சந்தோஷத்தைக் கொஞ்சம் குரல்லயும் காட்டுங்க," என்று சிரித்துவிட்டு வைத்தார்.

தம்பி போனைக் கையிலேயே வைத்திருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"சாயந்திரம் வரைக்கும்தான்க்கா."

"என்ன சாயந்திரம் வரைக்கும்?"

"பீரோவை இருந்த இடத்துல தள்ளிடலாம். ரெண்டு டின்னுக்கு நான் கணக்குச் சொல்லிக்கறேன். சாயந்திரம் ரிப்போர்ட் வந்துடும். நல்லா இருக்குன்னுதான் வரும். பாதி வந்தாச்சு. யாருக்கு என்ன நஷ்டம்?"

"தையல்காரி குழந்தை இப்பவே குடிச்சிட்டிருக்கு."

"நல்ல பவுடரைக் குடிச்சிட்டிருக்கு."

"அது உனக்குத் தெரியுமா?"

"கெட்டதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது, அந்தத் தட்டுல வளர்த்திட்டு இருக்கறவனுக்கும் தெரியாது. அதுக்குத்தான்டா சீல். சரக்கு கெட்டதுன்னு யாரும் சீல் வைக்கல. தெரியலன்னு வெச்சிருக்காங்க."

தம்பிக்குக் கோபம் ஏறியது. அவனுக்குக் கோபம் வந்தால் காது சிவக்கும், சின்ன வயசிலிருந்து அப்படித்தான்.

"ஆபீசரம்மா, கொஞ்சம் இறங்கி வா. நீ இப்ப வாயைத் திறந்தா என்ன ஆகும்னு உனக்கே தெரியும். சீல் உடைஞ்ச கிடங்குன்னு எழுதுவான். எடுத்த சாம்பிள் செல்லாதும்பான். மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்புன்னு சொன்னாலும் சொல்லுவான். என் பேரை அடிச்சிடுவான். சரி, நான் எப்படியோ போறேன். இந்த ஊர்ல எத்தனை வீட்ல குழந்தை பசியில கத்திட்டு இருக்கு? இத்தனை டின்னும் கப்பல் ஏறித் திரும்பிப் போனா அதுக்கு யார் பொறுப்பு? உன் ரூல்ல அது எந்தப் பக்கம் எழுதியிருக்கு?"

அவன் சொன்னதில் தப்பாக ஒன்றும் இல்லை. வயிற்றுக்கு இல்லாமல் போவதும் ஆபத்துதான், கெட்டுப்போனதைக் கொடுப்பதும் ஆபத்துதான். இரண்டுக்கும் நடுவில் எங்கே கோடு போடுவது என்று அவளுடைய அலுவலகத்தில் மாதக்கணக்கில் சண்டை போட்டுத்தான் இந்தப் புது ஏற்பாட்டைக் கொண்டு வந்தார்கள். அந்தக் கூட்டத்தில் அவளும் இருந்தாள். வியாபாரிகளை நம்ப முடியாது என்று பெரிய அதிகாரி அடம் பிடித்தபோது, நம்பித்தான் ஆக வேண்டும் சார் என்று எழுந்து பேசியவள் அவள்தான்.

"இதுல உன் சரக்கு மட்டும் இல்ல," என்றாள். "உன்னை மாதிரி எத்தனையோ பேர் வீட்லயும் குடோன்லயும் ஈயக்கட்டி தொங்குது. ஒண்ணு பின்பக்கமா திறந்திருக்குன்னு வேற யார் மூலமாவது வெளிய வந்தா, அத்தனையையும் மறுபடி துறைமுகத்துக்கே இழுத்துட்டுப் போவாங்க. அப்ப கடைக்கு எதுவுமே வராது."

"யாரு வெளிய சொல்லப்போறா?"

"தண்ணி வந்ததை வெச்சே நான் கண்டுபிடிச்சேன்."

அம்மா இடையில் புகுந்தாள். "ரெண்டு பேரும் என்னைப் பத்திப் பேசற மாதிரியே தெரியலையே. தப்புப் பண்ணது நான். என்னைக் கேளுங்க."

"சரி, கேக்கறேன்," என்றான் தம்பி. "நீ என்ன சொல்ற? மூடறதா, சொல்றதா?"

அம்மா யோசித்தாள். அவள் யோசிப்பதைப் பிள்ளைகள் அதிகம் பார்த்ததில்லை.

"பவுடர்ல கிருமி இருந்தா குழந்தைக்கு என்ன ஆகும்?"

"பெரியவங்களுக்கு ரெண்டு நாள் வயித்தால போகும்," என்றாள் அக்கா. "கைக்குழந்தைக்கு ரத்தத்துல கலந்துடலாம். மூளை வரைக்கும் போகலாம். எப்பவும் இல்ல. எப்பவாவது."

அம்மா படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தையல்காரி ஒரு காலால் மிதித்தபடி மறுகாலால் கீழே துணித் தூளியை ஆட்டிக்கொண்டிருந்தாள். அக்காவைப் பார்த்ததும் மிதிப்பதை நிறுத்தி, வாயில் விரல் வைத்துக் காட்டினாள்.

"நேத்து ராத்திரிதான்க்கா முதல் தடவையா வயிறு நிறைஞ்சு தூங்கினான். அம்மாவுக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. உங்க வீட்டு ஆளுங்களுக்கு எத்தனை துணி இருந்தாலும் கொண்டு வாங்க. நான் தைச்சுத் தர்றேன்."

மெஷின் தட்டின் மேல் டின் இருந்தது. பக்கத்தில் கழுவிக் கவிழ்த்த பால்புட்டி.

இதை நல்லவிதமாகச் சொல்ல வழி இருக்கிறதா என்று அக்கா யோசித்தாள். இல்லை.

"அந்த டின் இன்னும் பாஸ் ஆகல. சோதனை நடந்துட்டு இருக்கு. நல்லதா இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். சாயந்திரம்தான் தெரியும். எங்கம்மா அது தெரியாம கொடுத்துட்டாங்க. இனிமே கொடுக்காதே."

தையல்காரி டின்னைப் பார்த்தாள். தூளியைப் பார்த்தாள்.

"ரெண்டு தடவை கொடுத்துட்டேனே."

"உடம்பு சுடுதா? வாந்தி எடுத்தானா?"

"இல்ல. ஒண்ணும் இல்ல. நல்லா இருக்கான்." குரல் உயர்ந்தது. "நல்லா இருக்கான்க்கா. தொட்டுப் பாருங்க."

அக்கா குனிந்து நெற்றியைத் தொட்டாள். வெயிலில் காய்ந்த துணி அளவுக்குத்தான் சூடு. ஆனாலும் அவளுக்கு அதில் நிம்மதி வரவில்லை.

"இப்பவே குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போகலாம். என்ன குடிச்சான்னு டாக்டர்கிட்ட நான் சொல்றேன். அங்க பால் இல்லாத குழந்தைங்களுக்குன்னு கொஞ்சம் பவுடர் வெச்சிருக்காங்க. கேட்டு வாங்கலாம்."

"அங்கயும் இல்லேன்னா? வெறும் தண்ணியைக் கொடுக்கறதா?" என்றாள் தையல்காரி. அவள் சண்டைக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள்.

"இல்லேன்னா கிடைக்கற வரைக்கும் நான் அங்கயே உக்காந்திருப்பேன். கிளம்பு. டின் ரெண்டையும் என்கிட்ட கொடு."

தையல்காரி எழுந்திருக்கவில்லை. நூல் ஒட்டிய விரல்களை ஒன்றோடொன்று தேய்த்தாள்.

"ஒண்ணுதான்க்கா இருக்கு."

"இன்னொண்ணு?"

"காலையில ஒருத்தி சட்டை தைக்கக் கொடுக்க வந்தா. இடுப்புல குழந்தை. இவனைவிடச் சின்னது. நேத்துலேர்ந்து பஸ்ஸைப் பிடிச்சு ஊரெல்லாம் தேடிட்டு வர்றாளாம், எங்கயும் பவுடர் கிடைக்கலையாம். எனக்கு ஒண்ணு போதும்னு இன்னொண்ணை..." அவள் நிறுத்தினாள். "எனக்கு ஒருத்தர் கொடுத்தாங்க இல்லையா. அதான்."

"அவ யாரு? எங்க இருக்கா?"

"தெரியாதுக்கா. புது ஆளு. போன் நம்பர்கூட வாங்கல." சுவரில் ஆணியில் மாட்டியிருந்த நீலத் துணியைக் காட்டினாள். அதில் ஒரு துண்டுச் சீட்டு குத்தியிருந்தது. கழுத்து, தோள், கை நீளம். "அவ அளவு மட்டும்தான் இருக்கு. அவசரமில்ல, தைச்சு வைங்க, வந்து வாங்கிக்கறேன்னு சொன்னா."

அக்கா அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை நேரம் இது ஒரு வீட்டுக்குள் நடந்த விஷயம். பீரோவைத் தள்ளி மூடிவிடலாம் என்று தம்பியால் சொல்ல முடிந்தது. அவளாலும் ஒரு நிமிஷம் அதைக் காதில் வாங்க முடிந்தது. இப்போது அந்த டின் ஏதோ ஒரு பஸ்ஸில், யாரோ ஒருத்தியின் பையில், எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. அவளைத் தேட வேண்டும் என்றால் ஆள் வேண்டும், அறிவிப்பு வேண்டும், அலுவலகம் வேண்டும். வாயை மூடிக்கொண்டு ஒருத்தியைத் தேட முடியாது.

வாசற்படிக்கு வந்து போனை எடுத்தாள். சீல்காரரின் எண்ணை அழுத்தினாள்.

"சொல்லுங்க மேடம்," என்றார் அவர். பின்னால் யாரோ காகிதம் கிழிக்கும் சத்தம். "ரிப்போர்ட்டுக்கா? நீங்க கேக்கவே கூடாதே. நீங்க ஒதுங்கினவங்க."

"ஒதுங்கினதுதான் சார் தப்பாப் போச்சு."

"என்ன மேடம்?"

"நீங்க சீல் வெச்ச ரூமுக்கு இன்னொரு கதவு இருக்கு. எனக்குத் தெரியும். நான் சொல்லல. அது வழியா சரக்கு வெளிய போயிருக்கு."

எதிர்முனையில் காகிதச் சத்தம் நின்றது.

அப்போது அவள் வீட்டுக்குள்ளிருந்து இரும்பு தரையில் உராயும் சத்தம் கேட்டது. தம்பி பீரோவைத் தள்ளுகிறான். இழுத்து, மூச்சு வாங்கி, மறுபடி இழுத்து. அம்மாவின் குரலும் ஏதோ சொன்னது.

சீல்காரர் வருவதற்குள் கதவை மறைக்கிறானா, அவர் கண்ணில் படும்படி முழுக்கத் திறந்து வைக்கிறானா என்று இங்கிருந்து தெரியவில்லை.